எங்கே என்று கேட்ட நாள்

சிப்பிமுனைக் கடற்கரையில் ஆயுளின் பெரும்பகுதியை மீன் ஏலம் கூறியே கழித்தவனும், காலஞ்சென்ற சவரிமுத்து தல்மேதாவின் தலைமகனும், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் கைக்கு எட்டிய அச்செழுத்தையெல்லாம் தானாகவே கற்றுத் தேர்ந்தவனுமாகிய இன்னாசி தல்மேதா என்னும் நான், எழுபத்து நான்கு வயது நிறைந்து, கண்ணும் காதும் பழுதின்றி இருக்கும் நிலையில், எங்கள் கடல் குரல் கடத்திய ஆண்டைப் பற்றியும், அது ஓய்ந்த விதத்தைப் பற்றியும் இதனால் எழுதி வைக்கிறேன்.

அந்த ஆண்டு பாஸ்கு என்னும் உயிர்ப்புத் திருநாள் கழிந்த மறுவாரம், மதியம் சாய்ந்து, காற்று விழுந்து, நீர் எண்ணெய் போலக் கிடந்த வேளையில், வலை உலர்த்திக்கொண்டிருந்த எங்கள் பெண்களின் காதில், கண்ணுக்கு எட்டாத எதிர்க்கரையில், வேறொரு கொடி பறக்கும் வேறொரு நாட்டில், ஒருத்தி தன் ஆட்டைத் திட்டுவது அடுத்த வீட்டுச் சத்தம் போலத் தெளிவாகக் கேட்டது.

"நாசமாப் போன ஆடே, கொடியில கிடந்த சட்டையைத் திண்டுபோட்டியே! நாளைக்குக் கோயிலுக்கு எதைப் போடுறது?"

எங்கள் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆடும் இல்லை, ஆளும் இல்லை. என் தம்பி மகள் சலேத்தம்மாள் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, "வெள்ளச் சட்டையாக்கா?" என்று கேட்டாள்.

"ஓம், வெள்ளைச் சட்டைதான். நீங்கள் ஆர்?"

"நாங்க சிப்பிமுனை."

"அது எங்கை கிடக்கு?"

"கடலுக்கு இந்தாண்ட."

பிறகு அந்தக் குரல், "அப்ப அந்த நாடோ?" என்றது. அந்த நாடுதான் என்று சலேத்து சொன்னாள். "சரி, உங்கட பக்கம் சட்டை தின்னுற ஆட்டுக்கு என்ன செய்யிறனீங்கள்?" என்றது குரல். அந்தக் குரலுக்குரியவள் யோசப்பின் என்பதும், கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுச் சிறுவலை போட்டுப் பிழைப்பவள் என்பதும் அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டன.

அறிவியல் கற்றோர் இதற்கு என்ன காரணம் கூறுவார்களோ நான் அறியேன். எங்கள் ஊரார் காரணம் தேடவில்லை. தேநீர்க்கடைக்காரர் தம் பெஞ்சுகளைச் சாலையிலிருந்து கடற்பக்கமாகத் திருப்பிப் போட்டார். சாமியார் ஞானோபதேச வகுப்பை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றினார். அந்தக் கரையிலும் எங்கள் மொழிதான் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்த செய்தி. ஆயினும் தெரிந்திருப்பது ஒன்று, ஒருத்தி ஆட்டைத் திட்டுவதிலிருந்து அதைக் கேட்பது வேறு. இங்கே ஓடும் புதுப்படத்தின் கதையைக் காட்சி காட்சியாக அங்கே சொன்னார்கள். அங்கே கூழ் காய்ச்சும் பக்குவத்தை இங்கே கேட்டுக்கொண்டார்கள். இரு கரைக் கிழவர்களும் ஒரே அர்ச்சியசிஷ்டவரின், அதாவது ஒரே புனிதரின், திருநாளுக்கு எந்தக் கரையில் கொடி முதலில் ஏறியது என்று வாரக்கணக்கில் வழக்காடினார்கள். ஏலம் கூறிக் கூறிப் பெருத்த என் குரலுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை, ஏனெனில் அந்தக் கடலில் முணுமுணுத்தாலும் போதும், அக்கரையில் திண்ணமாய் விழுந்தது.

உறவு மட்டும் கேட்டதென்று எழுதினால் அது பொய்யாகும்.

"உங்கட ரோலர் எங்கட வலையை வழிச்சுக்கொண்டு போட்டுது" என்று இரண்டாம் நாளே யோசப்பின் சொன்னாள். ரோலர் என்று அவர்கள் சொல்வது எங்கள் பக்கத்து இழுவைப் படகுகளை. கடலின் அடிமண்ணைச் சீப்புப் போட்டு வாருவது போல வாரிக்கொண்டு போகும் அந்தப் படகுகள் நகரத்து முதலாளிகளுடையவை. அவற்றில் கூலிக்குப் போகிறவர்கள் எங்கள் பிள்ளைகள். எங்கள் பக்கத்து மண்ணை வாரி முடித்தபின், இரு அரசாங்கங்களும் வரைபடத்தில் இழுத்த கோட்டைத் தாண்டி அவர்கள் பக்கத்து மண்ணை வாரப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவன் சலேத்துவின் கணவன் தொபியாஸ். கடல் பேசத் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவனை அந்த நாட்டுக் கடற்படை பிடித்துச் சென்றிருந்தது. அவன் அடைபட்டிருந்த சிறை யோசப்பினின் ஊரில் இருந்தது. கோயில் சபையின் சார்பில் அந்தச் சிறைக்குச் சோறு கொண்டு போகிறவள் யோசப்பினேதான் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தபோது, சலேத்து வலையைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதுமுதல் ஒவ்வொரு மதியமும் அவளுக்கு அதுவே உலகமாயிற்று.

"அக்கா, மெலிஞ்சிட்டாரா?"

"மெலியேல்லை. பருப்புக் குடுத்தா மீன் இல்லையோ எண்டு கேக்கிறார். என்ர வலையை அறுத்துப்போட்டு என்னட்டையே மீன் கேக்கிறார், பார் உன்ர மனுசனை."

"குடுக்காதக்கா. கெடக்கட்டும்."

"குடுத்திட்டன். என்ன செய்யிறது, கண்ணைப் பாத்தாக் குடுக்கச் சொல்லுது. ஆனா உன்ர மனுசன் வெளியில வந்தா முதல் வேலையா என்ர வலைக்குக் கண்ணி கட்டித் தரவேணும், சொல்லிப்போடு."

"நானே கட்டித் தாரேன்க்கா."

இவ்வாறு இரண்டு பெண்கள் ஒருவனை வைதும் ஊட்டியும் காத்து வந்த காலத்தில்தான் எங்கள் மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு தலைவர் வந்து சேர்ந்தார். தேர்தல் நெருங்கியிருந்தது. மணலில் மேடை போட்டு, தேவையே இல்லாத ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, கடலை நோக்கிக் கைகளை விரித்து, "எம் தொப்புள்கொடி உறவுகளே! உங்கள் கண்ணீர் எங்கள் கண்ணீர்! உங்கள் குருதி எங்கள் குருதி!" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டி ஓய்ந்தபின், கடலுக்கு அப்பாலிருந்து பணிவான ஆண்குரல் ஒன்று வந்தது.

"சந்தோசம் ஐயா. குருதி இருக்கட்டும். முதல்ல உங்கட ரோலரை நிப்பாட்டுங்கோ."

தலைவர் கொஞ்சமும் தடுமாறாமல், காற்று அதிகம் என்று சொல்லி மேடையைவிட்டு இறங்கினார். நகரத்துப் படகு முதலாளிகள் அந்த மேடையின் முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

அந்த நாட்டுத் தலைநகரும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் தெற்கே இருக்கிறார்கள், வேறு மொழி பேசுகிறார்கள். தம் நாட்டின் வடகரை மக்கள் கடலுக்கு அப்பால் உள்ள பெருங்கூட்டத்தோடு வாயாடுவதை அவர்கள் ஒரு படையெடுப்பின் முதற்காலடியாகவே கேட்டார்கள். எண்ணிக்கையில் தம் நாட்டில் பெரியவர்கள், ஆனால் கடலைச் சேர்த்துக் கணக்கிட்டால் சிறியவர்கள் என்னும் பழைய அச்சம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது என்று நான் படித்திருக்கிறேன். ஆகவே எங்கள் பெரிய நாட்டின் நிழல் தம்மேல் விழாதிருக்க, இன்னும் பெரிய, இன்னும் தூரத்து அரசு ஒன்றை அழைத்தார்கள். சாம்பல் நிறக் கப்பல் ஒன்று, தலைமேல் கிண்ணம் கிண்ணமாய்க் கருவிகளைச் சுமந்துகொண்டு, யோசப்பினின் ஊருக்கு அருகே உள்ள துறைமுகத்தில் வந்து நங்கூரமிட்டது.

"பெரிய கப்பல். எங்கட பெடியள் வள்ளத்தில தண்ணியும் மரக்கறியும் கொண்டுபோய்க் குடுக்கினம். நல்ல காசு" என்றாள் யோசப்பின். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு எங்கள் நாட்டுத் தலைநகர் விழித்துக்கொண்டது.

சதுர்வேதி என்னும் அதிகாரி வந்தார். வடக்கத்தியர், தமிழைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து தேநீர் குடித்த நல்ல மனிதர். எங்களையெல்லாம் அழைத்து, இந்தக் கடல் நாட்டுக்குக் கிடைத்த வரம் என்றார். அக்கரையார் நம் உறவினர் என்று அரசு உறுதியாகக் கருதுகிறது என்றார். உறவினரிடம் ஒன்றைக் கேட்டுச் சொன்னால் போதும் என்றார்.

"அந்தக் கப்பல் அடுத்து எங்கே போகிறது? தண்ணீர் கொண்டு போகும் பையன்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுச் சொல்லுங்கள்."

ஊரின் மூத்தவன் என்ற முறையில் நான் விளக்கினேன். கடலுக்கு இறங்குகிறவனிடத்தும், நீரில் மிதக்கும் எதனிடத்தும், எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் அவன் படகைத் திருப்பிக் கரையேற்றி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அன்று கடலுக்குப் போகமாட்டான். பெற்ற தாயும் கேட்கமாட்டாள், கட்டின பெண்டாட்டியும் கேட்கமாட்டாள். இந்தக் கரையில் அப்படி, அந்தக் கரையிலும் அப்படி.

"கப்பல் அவர்களுடையது இல்லையே ஐயா. அந்நியக் கப்பல். ஒரு சொல்தானே?"

"ஒரு சொல்தான். தீ என்பதும் ஓரெழுத்துத்தான், அதனால் அதைப் பந்தலில் வைக்கலாமா?" என்றேன்.

அவர் சிரித்தார். எழுதிக்கொள்ளவும் செய்தார். பிறகு என்னை விட்டுவிட்டுச் சலேத்துவின் வீட்டு வாசலுக்குப் போனார்.

அவளிடம் அவர் அதட்டவில்லை. மிரட்டவும் இல்லை. நம் தலைநகர் கேட்டால் அவர்கள் தலைநகர் செவிசாய்க்கும், நம் தலைநகர் கேட்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும், அந்தக் கப்பலின் வழி தெரிந்தால் கையில் இருக்கும், அப்போது தொபியாஸைப் பற்றித் தாமே பேசுவதாக மெதுவாகச் சொன்னார். சலேத்து என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, நா கேக்கட்டா?"

"கேளாதே மகளே."

"நீங்க தெனமும் ஒங்க வீட்டுல சோறு திங்கிறீங்க பெரியப்பா. எம் புருசன் செயில்ல திங்கிறாரு."



மறுநாள் மதியம் காற்று விழுந்தது. அதிகாரி பனையடியில் நின்றார். கடல் தட்டையாகக் கிடந்தது. அக்கரையில் மாலை வலைக்குப் போகிறவர்கள் வள்ளங்களை நீரில் தள்ளும் ஏலேலோச் சத்தம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. சலேத்து முழங்கால் நீரில் இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"யோசப்பின் அக்கா, அந்தக் கப்பலு எங்க போவுது?"

குரல் தெரிந்தெடுத்து ஒரு காதுக்குப் போகும் குரலாக இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அந்தக் கடல் எல்லோருக்கும் பொதுவாகவே கடத்தியது. எதிர்க்கரையின் நீளம் முழுவதும், ஊர் ஊராக, துறை துறையாக, தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அனைவரின் காதிலும் அந்தச் சொல் விழுந்தது. ஏலேலோ நின்றது. பிறகு மரம் மணலில் உராயும் ஓசை கேட்டது. ஒரு வள்ளம், அடுத்த வள்ளம், அதற்கடுத்தது என்று, கேட்கும் தூரமெல்லாம் வள்ளங்கள் கரைக்கு ஏற்றப்படும் ஓசை. அதற்குப்பின் குவளைகளில் தண்ணீர் வார்க்கும் ஓசை.

"பிள்ளை," என்றாள் யோசப்பின். "நீயோ கேட்டாய்?"

"நா கப்பலத்தான் கேட்டேன்க்கா. ஒங்க ஆளுகள இல்ல."

"கப்பலெண்டாலும் என்ன, தண்ணியில விழுந்திட்டுதல்லோ. ஆரோ உன்னைக் கேக்கச் சொல்லியிருக்கினம்."

சலேத்து விம்மினாள்.

"பரவாயில்லை. அழாதை. உன்ர மனுசனுக்கு இண்டைக்கு மீன் இல்லை, அவ்வளவுதான்."

அன்று அந்த வடகரையில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. சாம்பல் கப்பலுக்குத் தண்ணீர் கொண்டு போகிறவர்களும் போகவில்லை. எங்கள் இரு கரையாருக்கும் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கே என்று கேட்டாயிற்று, போகவில்லை, நாளைக்குப் போவார்கள். ஆனால் தெற்கே அவர்கள் தலைநகரில் அந்தச் செய்தி வேறு உருவம் கொண்டு போய்ச் சேர்ந்தது. வடக்கிலிருந்து ஒரே ஒரு குரல் எழுந்தது, அந்தக் கணமே தம் வடகரை முழுவதும் வேலை நிறுத்தம் செய்தது, அழைத்து வந்த விருந்தாளிக் கப்பலுக்குத் தண்ணீர்கூட மறுத்தது என்று அவர்கள் பத்திரிகைகள் எழுதின. எந்தப் படையின் கட்டளைக்கு இவ்வளவு ஒழுங்கான கீழ்ப்படிதல் உண்டு என்று அவர்கள் நாடாளுமன்றத்தில் ஒருவர் கேட்டாராம். வழக்கம் என்று ஒன்று இருப்பதை அவர்களுக்குச் சொல்ல வடகரையார் முயன்றார்கள். வழக்கம் என்றால் எப்போது எழுதப்பட்டது, யார் கையெழுத்திட்டது என்று கேட்டார்கள்.

எங்கள் தலைநகரிலும் அதே பிழையைத்தான் செய்தார்கள், ஆனால் மகிழ்ச்சியோடு செய்தார்கள். ஒரு மீனவப் பெண்ணின் ஒரு சொல்லால் ஒரு நாட்டின் ஒரு பக்கத்தை நிறுத்திவிடலாம் என்று கண்டதும், அதைத் தம் வல்லமை என்றே எண்ணிக்கொண்டார்கள். இரண்டு போர்க்கப்பல்கள் எங்கள் கடலில் உலாவின. எங்கள் மாநிலத் தலைவர் மீண்டும் வந்து தொப்புள்கொடியைப் பற்றிப் பேசினார். அவர்கள் பக்கத்திலிருந்து யாரோ ஓர் அதிகாரி தம் கரையில் வந்து நின்று எங்களுக்குப் புரியாத மொழியில் நெடுநேரம் கத்தினார்; எங்கள் தேநீர்க்கடைக்காரர் மரியாதையாக, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

இப்படி உறுமிக்கொண்டிருந்த இரு தலைநகரங்களும், மழைக்காலம் நெருங்கியபோது, எங்களில் எவரையும் கேளாமல் ஒரு மேசையில் உட்கார்ந்தன. சாம்பல் கப்பல் போய்விட வேண்டும். அதற்குப் பதிலாக அந்தத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் எங்கள் நாட்டு நிறுவனத்துக்குக் கிடைக்கும். அந்த நாட்டின் கடனுக்கு எங்கள் நாடு தவணை தரும். மீனவக் கைதிகள் விடுதலையாவார்கள். இரு கரைகளுக்கும் இடையே அனுமதியற்ற பேச்சு இனி இராது. கூட்டறிக்கையைப் பத்திரிகையில் கண்டு ஏலக் குரலில் ஊராருக்கு வாசித்துக் காட்டியவன் நானே. தொப்புள்கொடி என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை. இழுவைப் படகு என்ற சொல்லும் வரவில்லை. எங்கள் தலைவரும் அதற்குப்பின் எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை, தேர்தல் முடிந்திருந்தது.

அறிக்கை வந்த அன்று மதியம் சலேத்து ஓடிப்போய் நீரில் நின்று, "அக்கா, அவர விடுறாங்களாம்! அக்கா!" என்று கூவினாள்.

யாரோ ஓர் ஆண், பக்கத்திலிருந்து காதைக் கடிப்பது போலச் சொன்னான்: "அவவைக் கூப்பிடாதை தங்கச்சி. விசாரணைக்கெண்டு கொண்டு போட்டினம். நீ பேர் சொல்லித்தானே கேட்டனீ, அவவின்ர பேர்தான் அவைக்குத் தெரிஞ்ச ஒரே பேர். இனி நாங்களும் கதைக்கேல்லை."

சலேத்து அதிகாரியிடம் போனாள். அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதை நான் அருகிலிருந்து கேட்டேன்.

"ஐயா, அந்த அக்காவயும் கேட்டு வாங்குங்க."

"அவர் அந்த நாட்டுப் பிரஜை, அம்மா. அது அவர்களுடைய உள்நாட்டு விஷயம்."

"நம்ம ஒறவுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் முகம் சிவந்தது. கெட்ட மனிதர் அல்லர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். "கொள்கை மாறவில்லை, சூழ்நிலை மாறியிருக்கிறது," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டி கிளம்பும்போது, ஊரில் யாரும் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் சலேத்து செய்தாள். வண்டியின் முன்னால் போய் நின்று, "எங்கய்யா போறீங்க?" என்று உரக்கக் கேட்டாள். ஓட்டுநர் எங்கள் பக்கத்துப் பையன். அவன் விசையை அணைத்துவிட்டான். அதிகாரி எவ்வளவு சொல்லியும் அன்று வண்டி நகரவில்லை. அவர் எங்கள் கோயில் பந்தலில் படுத்திருந்து, விடிந்தபின் போனார்.

அதற்குப் பின்வந்த மதியங்களில் எதிர்க்கரையிலிருந்து மனிதக் குரல் ஒன்றும் வரவில்லை. அவர்களாக வாயை மூடிக்கொண்டார்களா, ஒப்பந்தத்துக்குக் கடல் கட்டுப்பட்டதா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. கடல் கட்டுப்படவில்லை என்பதற்கு ஒரே சாட்சி இருந்தது. யோசப்பினின் ஆடு கத்திக்கொண்டிருந்தது. அவிழ்த்துவிட ஆளில்லாமல், தழை போட ஆளில்லாமல், ஒவ்வொரு மதியமும் காற்று விழுந்ததும் அதன் கத்தல் எங்கள் வலைகளின்மேல் வந்து விழுந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு வலை உலர்த்தினார்கள். தேநீர்க்கடைக்காரர் பெஞ்சுகளை மறுபடியும் சாலைப்பக்கம் திருப்பிப் போட்டார்.

தொபியாஸ் வந்தான். மாலையும் இனிப்புமாய் நகரத்துத் துறையில் வரவேற்று, படம் பிடித்து, பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். அவனோட்டிய இழுவைப் படகை அந்த நாடு பிடித்து வைத்துக்கொண்டது. முதலாளி வேறு படகு வாங்கிவிட்டார், ஆளும் கேட்டு அனுப்பியிருந்தார். சலேத்து மீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டின் முன் உட்கார்ந்தவன் குழம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அந்த அக்காவ எங்க செயிலுக்குத்தான் கொண்டாந்தாங்க. பொம்பளக் கட்டடம். எனக்குச் சோறு கொண்டு வந்த அதே வாசல் வழியா. அவுங்களுக்கு இப்ப யாரு சோறு கொண்டு போவா?"

சலேத்து, தான் கேட்ட கேள்வியை அவனுக்கு அப்போதுதான் சொன்னாள். யாருக்காகக் கேட்டாள் என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் தட்டை நகர்த்தி வைத்தான். வெளியிலிருந்து ஆடு கத்தியது.

"அது யாரு வீட்டு ஆடு?"

"அவுங்க வீட்டுது."

தொபியாஸ் எழுந்து, சிறையில் கொடுத்தனுப்பிய புதுச் சட்டையோடு, மணலில் இறங்கி நடந்து, இடுப்பு நீர் வரைக்கும் போனான். நாங்கள் பின்னாலேயே போனோம். அனுமதியற்ற பேச்சைத் தடுக்க நிறுத்தப்பட்டிருந்த காவலர் ஒருவர் எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். தொபியாஸ் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான். குவிக்கத் தேவையில்லை என்பது அவனுக்குத் தெரியாது, கடல் பேசிய நாட்களில் அவன் இந்தக் கரையில் இருந்ததில்லை.

"அண்ணே! அக்கா! யாராச்சும் இருக்கீங்களா? நா யாரையும் ஒண்ணும் கேக்கலை. அந்த ஆட்டுக்கு மட்டும் யாராச்சும் கொஞ்சம் தழ போடுங்க!"

காத்திருந்தோம். நீர் தட்டையாகக் கிடந்தது. பிறகு ஆட்டின் கத்தல் நின்றது, கத்தலின் நடுவிலேயே, பாதியில். யாரோ ஒருவர் தழை போட்டிருக்கலாம். அந்தக் கணத்தில்தான் கடல் வாய்மூடியது என்றும் இருக்கலாம். அதற்குப்பின் அக்கரையிலிருந்து ஒலி என்று எதுவும் எங்களுக்கு வரவில்லை. ஆகையால் இரண்டில் எதுவென்று தீர்ப்புச் சொல்ல என்னால் இயலாது, சொல்லக்கூடியவர்களோ அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். சலேத்து இன்றும் மதியத்தில், யோசப்பினின் வலையின் அளவு தெரியாமலே, ஒரு சிறுவலைக்குக் கண்ணி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆட்டின் கத்தல் நின்ற மறுநாள் காலையில் வந்த பத்திரிகையில், இரு நாடுகளுக்கும் இடையே நிலவிய கடலோர விவகாரம் முழுமையாகவும் சுமுகமாகவும் தீர்க்கப்பட்டதாக இரு தலைநகரங்களும் ஒரே நேரத்தில் அறிவித்திருந்தன. அவர்கள் குறித்த தேதியும், ஆடு கத்துவது நின்ற தேதியும் ஒன்றே: கார்த்திகை மாதம் பதினேழாம் நாள், அர்ச்சியசிஷ்ட சவேரியார் திருநாளாகிய டிசம்பர் மூன்றாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல், காற்று விழுந்த வேளை.